ரோஸ் ஹில்லில் கிறிஸ்துமஸ்: இரண்டு உதவிகள் தேவை

மொரீசியஸ் வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். திருநெல்வேலியிலிருந்து ஊழியத்திற்காக வந்து ரோஸ் ஹில்லில் குடியிருக்கிறோம். ஊரையும் உறவையும் பிரிந்து நாங்கள் கொண்டாடப்போகும் முதல் கிறிஸ்துமஸ் இது.

கடந்த தைப்பூசத்தன்று, காவடி எடுத்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, களைப்பையும் பாராமல் எங்களை அழைத்து, வாழையிலையில் ஏழு கறியும் தன் கையாலேயே பரிமாறினார். செப்டம்பர் 9, கத்தோலிக்கக் குருவான லவால் அடிகளாரின் நினைவு நாளன்று, அவரது கல்லறை இருக்கும் சேன்ட் குருவா வரை எங்களுடன் வந்து மெழுகுவர்த்தி ஏற்றியவரும் அவரே. (எல்லா மதத்தவரும் அங்கே செல்வதை அன்றுதான் நேரில் கண்டேன்.) அந்த அன்புக்கு ஈடாக இல்லாவிட்டாலும், அவர் குடும்பத்துக்கு எங்கள் ஊர்ப் பலகாரத்தோடு விருந்தளிக்க மனம் விரும்புகிறது.

அச்சு முறுக்குதான் கைகூடவில்லை. இங்கே வாங்கிய புது அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்தே மாவில் தோய்க்கிறேன். ஆனாலும் மாவு கழன்று விழாமல் அச்சிலேயே ஒட்டிக் கருகுகிறது. பழகிய அச்சு வைத்திருப்பவர்கள் இரண்டு நாளைக்குக் கடன் தர முடியுமா? அல்லது புது அச்சைப் பழக்கும் முறையைச் சொல்வீர்களா?

மற்றொன்று, அக்காவின் பிள்ளைகள் தேவாரத்தை ரோமன் எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். எங்கள் தமிழ்ப் பாடல்கள் இரண்டை, பிரெஞ்சு படித்த அவர்கள் வாயில் சரியாக வரும்படி எழுதித் தர ஒருவர் தேவை. டிசம்பர் 20-க்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.