தங்கப் பின்னில் டின் டெர்மினல் மாட்டலாமா?

மில்லிஓம்:
மோட்டார் பக்கத்தில் இருக்கும் ஒரு சென்சார் போர்டு. போர்டில் நிற்கும் ஹெடர் பின்களில் தங்க முலாம், ஒயர் முனையில் கிரிம்ப் செய்த (நசுக்கி இறுக்கிய) டெர்மினலில் டின் (வெள்ளீயம்) முலாம். ஆறேழு மாதம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ரீடிங் துள்ளுகிறது. கழற்றி மாட்டினால் சரியாகிவிடும், சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. கிரிம்ப்பை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. ஒரு பக்கமாவது தங்கம் இருந்தும் ஏன் இப்படி?

கம்பிச்சுருள்:
ஒரு பக்கம் மட்டும் தங்கமாக இருப்பதுதான் சிக்கலே. டின் மேல் மெல்லிய, கடினமான ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும். மாட்டும்போது அது நொறுங்கி, அடியிலுள்ள மென்மையான டின் பிதுங்கி வந்து தொடுகிறது. எதிரில் தங்கம் இருந்தால், உரசலில் டின் பெயர்ந்து தங்கத்தின் மேல் ஒட்டி அங்கேயே ஆக்சைடாகிறது. அடியில் கெட்டியான பரப்பு இருப்பதால் அந்தப் படலம் லேசில் உடையாது. 1990களில் தங்க விளிம்பு மெமரி (RAM) கார்டை டின் சாக்கெட்டில் செருகிய கணினிகளிலும் இதே தொல்லை இருந்தது. இரண்டு பக்கமும் தங்கத்துக்கு மாறுங்கள்.

முள்முனை:
கலக்கக்கூடாது என்பது சரி. அதற்காக ஏன் நேரே தங்கத்துக்குத் தாவ வேண்டும்? கார்களில் பெரும்பாலான கனெக்டர்கள் டின்னோடு டின்தான். அழுத்தம்தான் முக்கியம். டின்னுக்கு ஒரு தொடுமுனைக்குக் குறைந்தது 100 கிராம் விசை வேண்டும். தங்கம் அதில் பாதியிலேயே ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பிச்சுருள்:
காரில் டெர்மினல் பெரிது, ஸ்பிரிங் வலுவானது, ஹவுசிங் ஆடாமல் பூட்டிக்கொள்ளும். அதே காரில் ஏர்பேக் சர்க்யூட்டுக்குத் தங்கம்தான் போடுகிறார்கள். இங்கே இருப்பது சின்ன ஹெடர், பக்கத்திலேயே மோட்டார். சில பத்து மைக்ரான் அசைவு போதும், ஒவ்வொரு அசைவிலும் புது டின் வெளிப்பட்டு, ஆக்சைடாகி, தூளாகக் குவியும். சென்சாரின் மில்லிவோல்ட் சிக்னலுக்கு அந்தத் தூளைத் துளைக்கும் தெம்பு கிடையாது.

முள்முனை:
அப்படியென்றால் அசைவை நிறுத்துங்கள் என்கிறேன்! கனெக்டரிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் ஒயர்க் கொத்தைப் போர்டோடு சேர்த்துக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது. அசைவை விட்டுவிட்டுத் தங்கம் போட்டால் அதுவும் தேயும். இன்னொன்று, கேட்லாக்கில் 'தங்கம்' என்றிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஃபிளாஷ் தங்கம் 0.1 மைக்ரான்கூட வராது, நுண்துளை நிறைய இருக்கும். கேட்பதானால் 0.76 மைக்ரான் தங்கம், அடியில் 1.27 மைக்ரான் நிக்கல் என்று எழுதிக் கேளுங்கள். நிக்கல் இல்லாவிட்டால் அடியிலுள்ள செம்பு மெல்ல மேலே ஊடுருவி வந்துவிடும்.

பட்டறைக்காரன்:
தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விட்டால் அந்தப் பின் வீண்.

மில்லிஓம்:
தேய்க்கவில்லை. இன்று நான்கு கம்பி முறையில் (மீட்டர் ஒயரின் மின்தடை கணக்கில் சேராது) அளந்தேன், 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் செலுத்தாத மீட்டரில். புது ஜோடி 8 மில்லிஓம். பழையது 40இல் நிற்கிறது, ஒயரை லேசாக அசைத்தால் 300 வரை ஓடுகிறது. சாதா மல்டிமீட்டரில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன, அதனால்தான் இத்தனை நாள் கிரிம்ப்பைச் சந்தேகப்பட்டேன். பத்து போர்டில் இரண்டு பக்கமும் தங்கம், பத்து போர்டில் இரண்டு பக்கமும் டின் போட்டு, டின் பத்திலும் ஒயரைக் கட்டிவிடுகிறேன்.

கம்பிச்சுருள்:
அப்படிச் செய்தால் முலாம் வென்றதா கட்டு வென்றதா என்று தெரியாது. இரண்டு வகையிலும் பாதியைக் கட்டுங்கள், பாதியைக் கட்டாமல் விடுங்கள். டின்னில் கட்டாத ஐந்தும் முதலில் போகும் என்பது என் கணக்கு.

முள்முனை:
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கட்டிய டின் ஐந்தையும் பாருங்கள், அங்கேதான் நமக்குள் வழக்கு.