கம்பி போட்ட மகளைப் பல் துலக்க வைப்பது எப்படி?

கேள்வி – ஒரு தாய், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு வயதாகும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போட்டோம். காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் மேலோட்டமாகத் துலக்குகிறாள்; இரவிலோ படித்த களைப்பில் அப்படியே உறங்கிவிடுகிறாள். மேல் ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. இரத்தம் வருவதால் அந்த இடத்தில் பிரஷ்ஷை வைக்கவே அஞ்சுகிறாள். நான் எடுத்துச் சொன்னால் கோபப்படுகிறாள். இன்னோர் ஐயமும் உண்டு. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். இது சரியா?

பதில் – பல் சீரமைப்பு மருத்துவர்

வணக்கம் அம்மா. இரத்தம் வருகிறது என்று துலக்காமல் விட்டால் வீக்கம் கூடும்; ஏனெனில் ஈற்றோரம் படிந்திருக்கும் கிருமிப் படலமே பெரும்பாலும் அந்த வீக்கத்துக்குக் காரணம். மென்மையான பிரஷ்ஷால் அவ்விடத்தை நாள்தோறும் சுத்தம் செய்தால் பொதுவாக ஓரிரு வாரங்களில் இரத்தக் கசிவு குறையும்; குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் பெரிதும் கவலைப்படுவது, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டைச் சுற்றித் தோன்றும் வெள்ளைத் தழும்புகளைப் பற்றித்தான். படலத்திலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. கவனிக்காமல் விட்டால் நான்கு வாரங்களுக்குள்கூட இதன் தொடக்கம் தெரியலாம். கம்பியைக் கழற்றும் நாளில் பிராக்கெட் ஒட்டியிருந்த சதுரம் மட்டும் பளபளப்பாகவும், அதைச் சுற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியும் இருப்பதைக் காணும் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. பல் நேரானாலும் அத்தழும்பு பலருக்கு முழுமையாக மறைவதில்லை.

துலக்கும்போது பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேற்புறம் ஒருமுறையும் கீழ்ப்புறம் ஒருமுறையும் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் பல்லிடுக்குப் பிரஷ்ஷை நுழைக்க வேண்டும். இரவுத் துலக்கலை ஒருபோதும் விடக்கூடாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குப் பாதுகாப்பும் குறைகிறது.

ஃபுளோரைடைப் பற்றிய உங்கள் ஐயம் உங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது. பற்களில் பழுப்புக் கறையை உண்டாக்குவது, பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறுவயதில் உடலுக்குள் செல்லும் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பதினான்கு வயதில் கடைவாயின் ஞானப்பல் நீங்கலாக மற்றவற்றின் எனாமல் உருவாகி முடிந்துவிட்டது. பேஸ்ட்டில் உள்ளது பல்லின் மேற்பரப்பில் வேலை செய்வது. விழுங்காமல் துப்பிவிட்டால் போதும். ஆகவே அவள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். துப்பிய பின் உடனே நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் பலன் கூடும். குடிநீரைப் பொறுத்தவரை, பாதுகாக்கப்பட்ட நீரையே வீடு முழுதும் குடிப்பது நல்லது.

பதில் – கல்லூரி மாணவி, சேலம்

அம்மா, நானும் பள்ளி நாட்களில் கம்பி போட்டிருந்தவள். "துலக்கினாயா?" என்ற கேள்வி நாளும் காதில் விழும்போது, துலக்கும் எண்ணமே போய்விடும் என்பதை அனுபவத்தில் அறிவேன். என் மருத்துவர் படலத்தைக் காட்டும் சாயத்தைப் பற்களில் தடவி, கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நன்றாகத் துலக்கிவிட்டதாக நான் நம்பியிருந்த பற்களில், பிராக்கெட்டுக்கும் ஈற்றுக்கும் இடையே ஒரு கோடாகச் சிவப்பு நின்றது. அதைப் பார்த்தபின் யாரும் எனக்கு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. உங்கள் மருத்துவரிடமும் அந்தச் சாயத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இரவு உணவு முடிந்ததும், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே துலக்கிவிடும் வழக்கமும் எனக்குக் கைகொடுத்தது, ஏனெனில் அப்போது உறக்கம் வந்திருக்காது. பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் சாப்பிடக்கூடாது. கடலைமிட்டாய், கமர்கட், கெட்டி முறுக்கு ஆகியவற்றைக் கம்பி இருக்கும்வரை தவிர்க்கத்தான் வேண்டும். ஒட்டிக்கொள்வதோடு பிராக்கெட்டையும் பெயர்த்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளியில் மதிய உணவுக்குப்பின் துலக்க வசதியில்லையே, என்ன செய்வது?

மருத்துவர்

தண்ணீரால் வாயை நன்கு கொப்பளித்தால் உணவுத் துகள்கள் பெருமளவு நீங்கும். பல்லிடுக்குப் பிரஷ் ஒன்றை ஜாமெட்ரி பெட்டியில் வைத்தனுப்பலாம். அடுத்த முறை வரும்போது, நீங்கள் வெளியே இருக்க, அவளிடமே நேரடியாகப் பேச மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.