பித்தளை ரெகுலேட்டரா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: அந்தமானில் நாற்பது முறை ஸ்கூபா டைவிங் செய்திருக்கிறேன், எல்லாம் வாடகைக் கருவிகளில்தான். ஜூனில் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பாறைப் பிளவில் மூழ்கப் போகிறேன். அங்கே தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதானாம். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் குறைத்து மூச்சுவிடத் தரும் ரெகுலேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்க நினைக்கிறேன். வாயில் கவ்வும் இரண்டாம் நிலை உலோகமாக இருக்க வேண்டுமா? கடைக்காரர் பிளாஸ்டிக்கை “பொம்மை” என்கிறார்.

பதில் 1: கடைக்காரருக்கு விலை உயர்ந்ததை விற்க ஆசை. சிலிண்டரில் திருகும் முதல் நிலை பெரும்பாலும் குரோமிய முலாம் பூசிய பித்தளைதான். 200 பார் அழுத்தம் வருகிற இடம் அது. வாய்ப்பகுதிக்கு வருவது சுமார் 10 பார்தான். அதன் உறைக்கு நல்ல பிளாஸ்டிக் தாராளமாகப் போதும். என் பிளாஸ்டிக் கருவி பதினொரு வருடமாக உழைக்கிறது. தாடையும் வலிப்பதில்லை.

பதில் 2: அந்தமானுக்குச் சரி, சில்ஃப்ராவுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. மூச்சின் ஈரம் வால்வில் உறைந்தால் அது மூடாமல் காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உலோகம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையும் மூச்சின் வெப்பத்தையும் உள்ளே கடத்தும். ஒரு குளிர் ஏரியில் என் பழைய பிளாஸ்டிக் கருவி 18 மீட்டரில் அப்படிச் சீறியது. நண்பரின் மாற்றுக் கருவியைக் கவ்விக்கொண்டுதான் மேலே வந்தேன். இன்னொன்று: உலோக உறையில் ஈரம் படிவதால் தொண்டை அவ்வளவாக வறள்வதில்லை.

ஆனாலும் உறையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 10 டிகிரிக்குக் குறைந்த நீருக்கு ஏற்றதென்று சான்று உள்ளதா, முதல் நிலைக்குள் நீர் புகாத அமைப்பா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் சில்ஃப்ராவுக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். வாங்குவது பிளாஸ்டிக்தான்; விமானத்தில் சுமையும் குறையும்.