ரீலோட் செய்தாலும் வேரியபிள் மதிப்பு போகாமல் இருக்க என்ன வழி?

கேள்வி:
நான்கு படிகள் உள்ள ஒரு விண்ணப்பப் படிவம் செய்துகொண்டிருக்கிறேன், வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான், ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லை. எத்தனையாவது படி என்பது ஒரு வேரியபிளில் இருக்கிறது, நிரப்பிய விவரங்கள் ஒரு ஆப்ஜெக்டில். யாராவது எஃப்5 தட்டினால் போச்சு, மறுபடி முதல் படி. பிரவுசரிலேயே விவரங்களைச் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுப் பார்த்தால், படி எண்ணோடு 1 கூட்டும்போது 2 வராமல் 11 வருகிறது, விவரங்களைத் திரும்ப எடுத்தால் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று மட்டும் வருகிறது. ஏன்?

பதில் 1:
ரீலோட் ஆகும்போது பிரவுசர் பழைய பக்கத்தை மெமரியோடு சேர்த்துக் கழித்துவிட்டு ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து ஓட்டும், அதனால் குளோபல் வேரியபிளும் தப்பாது. லோக்கல் ஸ்டோரேஜ் சரியான இடம்தான், ஆனால் அதற்கு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர் மட்டும்தான் தெரியும். நீங்கள் கொடுத்த 1 உள்ளே எழுத்தாகப் போய்விட்டது, எழுத்தோடு 1 கூட்டினால் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் அந்த 11. ஆப்ஜெக்டும் அப்படித்தான் வெறும் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்ற எழுத்தாகிவிடுகிறது. வைக்கும்போது ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை (JSON.stringify) மதிப்பை ஸ்ட்ரிங்காக மாற்றும், எடுக்கும்போது ஜேசன் பார்ஸ் (JSON.parse) அதைப் பழையபடி எண்ணாகவோ ஆப்ஜெக்டாகவோ ஆக்கும், இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும். முதல் முறை வருபவருக்கு எதுவும் சேமித்திருக்காது, 'நல்' (null, மதிப்பு எதுவும் இல்லை என்று பொருள்) தான் கிடைக்கும், அப்போது படி 1 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள்.

பதில் 2:
இந்த வேலைக்கு நான் செஷன் ஸ்டோரேஜைத்தான் சொல்வேன். லோக்கல் ஸ்டோரேஜ் ஒரே தளத்தின் எல்லா டேபுக்கும் பொது. ஒருவர் இரண்டு டேபில் இரண்டு விண்ணப்பம் நிரப்பினால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடும். செஷன் ஸ்டோரேஜ் ஒவ்வொரு டேபுக்கும் தனி, ரீலோடைத் தாங்கும், டேபை மூடினால் போய்விடும். அப்புறம், பக்கம் மூடும்போது மொத்தமாகச் சேமிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், பக்கம் மூடுவதைச் சொல்லும் ஈவென்ட் மொபைலில் வராமலே போகலாம். படிவத்தில் எந்தக் கட்டத்தில் உள்ள விவரம் மாறினாலும் உடனே எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
செஷன் ஸ்டோரேஜுக்கு மாற்றிவிட்டேன், ரீலோட் செய்தாலும் மூன்றாம் படியிலேயே நிற்கிறது, நன்றி! கட்டணத் தொகையையும், லாகின் ஆனவர் யார் என்று சர்வருக்குக் காட்டும் லாகின் டோக்கனையும் இதிலேயே வைக்கலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம். டெவலப்பர் டூல்ஸைத் திறந்து யார் வேண்டுமானாலும் அந்தத் தொகையை மாற்றிவிடலாம், எனவே சர்வர் அதைத் தானே கணக்கிட வேண்டும், பிரவுசர் அனுப்புவதை நம்பக் கூடாது. டோக்கன் அங்கே இருந்தால் பக்கத்தில் நுழையும் எந்த ஸ்கிரிப்டும் படித்துவிடும்; அதை எச்டிடிபி ஒன்லி குக்கியில் வையுங்கள், ஜாவாஸ்கிரிப்டால் தொட முடியாது. குக்கி ஒன்றுக்கு ஏறக்குறைய 4 கேபிதான் இடம், ஒவ்வொரு ரிக்வெஸ்டோடும் சர்வருக்குப் போகும், அதனால் படிவ விவரங்களை அதில் திணிக்காதீர்கள். போனில் பாதி நிரப்பி கம்ப்யூட்டரில் தொடர வேண்டும் என்றால் டேட்டாபேஸில் வரைவாகச் சேமிப்பதுதான் வழி.