ஒரு வாரம் நேரோபோட்டில் குடும்பத்தோடு: ஃபோர் கவுண்டீஸ் ரிங் எங்களுக்குச் சரிப்படுமா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு வாரத்துக்கு நேரோபோட் (இங்கே கால்வாய்களில் போகும் ஒடுங்கிய நீளப் படகு) வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. நான், மனைவி, மகள் (9), மகன் (5). அம்மாவும் அப்போது ஊரிலிருந்து வந்திருப்பார். வயது 67, முழங்கால் வலி உண்டு. நான் இதுவரை ஓட்டிய ஒரே படகு பூங்காவில் காலால் மிதிக்கும் வாத்துப் படகு.

ஆறு பேர் படுக்கிற படகுக்கு 1,950 பவுண்டு சொல்கிறார்கள். சனி மதியம் எடுத்து அடுத்த சனி காலை திருப்பித் தரவேண்டும், டீசல் தனி. நான் கண் வைத்திருப்பது ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற கால்வாய்ச் சுற்று. 110 மைல், 94 லாக் (கால்வாயின் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி). போன வழியிலேயே திரும்பி வராமல் ஒரு சுற்றாக முடிவது பிடித்திருக்கிறது. மணிக்கு 4 மைல் என்றால் 28 மணி நேரம், ஆக நாளுக்கு நான்கு மணி நேரம்தான். லாக்குக்குக் கொஞ்சம் கூட்டினாலும் ஐந்து. கணக்கு சரிதானே?

மனைவிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "நாலு மைல் வேகத்துக்கு நடந்தே போயிடலாமே, அதுக்கு ரெண்டாயிரம் பவுண்டா?" என்கிறாள். லைசென்ஸ் வேண்டுமா, அம்மாவால் ஏறி இறங்க முடியுமா, சின்னவன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்:

வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. எடுக்கும்போது முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

நாலு மைல் என்பது உச்ச வரம்பு, அந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்க முடியாது. கரையில் கட்டியிருக்கும் ஒவ்வொரு படகையும் தாண்டும்போது எஞ்சினைச் சும்மா ஓடும் அளவுக்குத் தணிக்கவேண்டும். இல்லையென்றால் உள்ளே டீ குடிக்கிறவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டுவார். மணிக்கு மூன்று மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே அதிகம்.

மதகுக்காரர் மகள்:

தம்பி, உங்க கணக்கைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன். ஆறு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்காரர் எக்செல்லில் போட்ட அதே கணக்கு, அதே ரிங்.

படகுக்காரங்க கணக்கு வேற. ஒரு லாக்கை ஒரு மைலா எண்ணிக்குவாங்க. 110 மைலும் 94 லாக்கும் சேர்த்தா 204. மூணால வகுங்க, 68 மணி நேரம். உங்க கையில இருக்கறது முழுசா ஆறு நாள், முதல் நாள் சாயங்காலம் கொஞ்சம். அப்போ நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல. கட்டி நிறுத்தினப்புறம் ராத்திரி எட்டுலேர்ந்து காலை எட்டு வரைக்கும் பக்கத்துப் படகுக்காரங்களுக்காக எஞ்சின் போடக்கூடாது, அதையும் சேர்த்துக்குங்க. நாங்க பெரியவங்க நாலு பேர், பசங்க ரெண்டு பேர். காலை எட்டு அடிக்கறதுக்கும் நாங்க கயிறு அவிழ்க்கறதுக்கும் சரியா இருக்கும். ஹேர்கேஸில் டனல் பக்கம் ஏறி வர்ற செஷயர் லாக் வரிசைக்குப் பழைய படகுக்காரங்க வச்ச பேரு ஹார்ட்பிரேக் ஹில். ஏழு மைலுக்குள்ள 26 லாக். அன்னிக்கு முழுக்க மழை வேற. பெரியவன் உள்ளே பங்க்ல படுத்துக்கிட்டு "எப்போ வீட்டுக்குப் போறோம்"னு கேட்டுக்கிட்டே வந்தான். சுத்தை முடிச்சோம், ஆமா. ஆனா அந்த வாரத்துல எடுத்த படத்துல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்லை.

உங்க வீட்டுல லாக் வேலை செய்யக்கூடியவங்க ரெண்டே பேர், அதுல ஒருத்தர் சுக்கான்ல நிக்கணும். மீதி ஒருத்தர் 94 லாக்குக்கும் கதவு தள்ளணும். உங்க மனைவி சொல்றதைக் கேளுங்க.

லாக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா பொதுப்பணித்துறையில லஸ்கர், வாழ்க்கை முழுக்க மதகு ஷட்டரை ஏத்தி இறக்கினவர். படகுக் கம்பெனிக்காரர் பேடல், விண்ட்லாஸ்னு விளக்கிக்கிட்டு இருந்தப்போ அவருக்கு இங்கிலீஷ் பாதி புரியலை. ஆனா போய் அந்தப் பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது நம்ம ஷட்டர்தானே"ன்னுட்டார். எல் வடிவத்துல இருக்கற இரும்புக் கைப்பிடிதான் விண்ட்லாஸ். அதை மாட்டிச் சுத்தினா கதவுக்கு அடியிலயோ பக்கத்துலயோ இருக்கற பேடல் தூக்கும், தண்ணி பாயும். அப்பா எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம்: சுத்திட்டு அதை மாட்டினபடியே விட்டுட்டுக் கை எடுக்காதே, பல்லுல விழற கொண்டி நழுவினா அது தானா சுழன்று வந்து மணிக்கட்டை உடைக்கும். கம்பெனிக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார், நாங்கதான் அவர் சொன்னப்போ போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம்.

ரெண்டு பக்கமும் தண்ணி சமமாகற வரைக்கும் கதவு அசையாது, எத்தனை பேர் முட்டினாலும் சரி. சமமாயிடுச்சுன்னா நீட்டு மரக்கையில முதுகைச் சாய்ச்சு மெல்லத் தள்ளினாலே திறந்துக்கும். என் ஏழு வயசுப் பொண்ணு திறந்தா. ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல தண்ணி மேலேர்ந்து கீழே போகுது, பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. லாக் வந்தா அப்பா கரையிலயே நின்னுக்கிட்டு இருப்பார், அது முடியற வரைக்கும் படகுல ஏறவே மாட்டார்.

பயப்பட வேண்டியது ஒரே இடம், இறங்கும்போது. மேல் கதவுக்குக் கீழே ஒரு கல் படி உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு இங்கிலீஷ்ல 'சில்' (cill)னு பேரு. தண்ணி நிறைஞ்சிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது எங்க முடியுதுன்னு சுவர்ல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க. படகோட பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால இருக்கணும். அந்த ரிங்லயே ஆட்லம்ங்கற ஊர்ல 15 லாக் வரிசையா இறங்கறோம். ஆறாவதோ ஏழாவதோ, வீட்டுக்காரர் சுக்கான்ல நின்னு என் தம்பியோட கிரிக்கெட் பேசிக்கிட்டு இருக்கார். படகு மெல்லப் பின்னால நகர்ந்திருக்கு. தண்ணி இறங்குது, முன்பக்கம் இறங்குது, பின்பக்கம் இறங்கலை. உள்ளே ஒரு தட்டு சறுக்கி விழற சத்தம் கேட்டுச்சு. கரையில இருந்த பொண்ணுதான் "அம்மா, கோடு!"ன்னு கத்தினா. அப்பா ஓடிப் போய்க் கீழ்ப் பேடல் ரெண்டையும் இறக்கினார். அப்புறம் மேல்ப் பேடலைக் கொஞ்சங்கொஞ்சமாத் திறந்து தண்ணி விட்டு படகைத் தூக்கினோம். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா மூக்கு தண்ணிக்குள்ள போயிருக்கும். அதுக்கப்புறம் இறங்கற லாக்குல யாரும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டேன். கிரிக்கெட் கண்டிப்பா கூடாது.

ரிங்குக்குப் பதிலா நான் சொல்ற இடம் வேல்ஸ் பக்கம் போற லாங்கோலன் (Llangollen) கேனல். (வேல்ஸ்காரங்க அந்தப் பேருல வர்ற ரெட்டை L எழுத்தை நாக்கோட ஓரத்துல காத்து விட்டுச் சொல்லுவாங்க. நமக்கு ழகரம் மாதிரி, வெளியாளுக்கு வராது.) செர்க் பக்கம் படகு எடுத்தா லாங்கோலன் வரைக்கும் ஒரு லாக்கும் இல்லை. எல்ஸ்மியர்ல எடுத்தா நியூ மார்ட்டன்ல ரெண்டே ரெண்டு. போன வழியே திரும்பி வரணுமேன்னு கவலைப்படாதீங்க. திரும்பி வரும்போது பார்க்கறது வேற பக்கம். போகும்போது நீங்க புதருக்குள்ள படகை விட்டுக்கிட்டு இருப்பீங்க, எதையும் பார்த்திருக்க மாட்டீங்க. சுக்கானை இடப்பக்கம் தள்ளினா மூக்கு வலப்பக்கம் திரும்பும். படகு நடுவுல ஊசி குத்தின மாதிரி சுழலும், அதனால முன்னாடி மட்டும் பார்த்தா பின்னாடி இடிக்கும். ரெண்டாம் நாள் மதியத்துக்குள்ள கை பழகிடும்.

அந்த வழியிலதான் பொன்ட்கசல்த்தே நீர்ப்பாலம். டெல்ஃபர்டும் ஜெஸ்ஸப்பும் கட்டினது, 1805ல திறந்தாங்க, 2009லேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம். 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, 38 மீட்டர் உயரத்துல நிக்குது, அதுக்குள்ள நம்ம படகு போகுது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் இருக்கு. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை. தண்ணிக்கு மேல ஒரு சாண்கூட வராத இரும்பு விளிம்பு, அதுக்கு அந்தப்பக்கம் கீழே டீ ஆறு. (குடிக்கற டீ இல்லை, ஆத்தோட பேரே அதுதான்.) ரெண்டாவது தடவை போனப்போ நான் சுக்கான்ல. அம்மா முன்னால உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு கந்த சஷ்டி கவசம். அப்பா விளிம்புப் பக்கம் குனிஞ்சு தொட்டியோட இணைப்பையே பார்த்துக்கிட்டு வந்தார். கரைக்கு வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "இருநூறு வருஷமாச்சே, எதை வச்சு அடைச்சிருக்கான்?" கம்பளித் துணியும் ஈயக் கலவையும்னு படிச்சுச் சொன்னேன். தூணோட சுண்ணாம்புல காளை ரத்தம் கலந்ததா சொல்றாங்கன்னதும் முகம் சுளிச்சார். "கடுக்காயும் வெல்லமும் கிடைக்கலை போலிருக்கு."

உங்க அம்மாவுக்கு: பின்பக்கம் ஏறுறது கஷ்டம், படி செங்குத்தா இருக்கும். முன்பக்கம் சின்னத் திண்ணை மாதிரி இருக்கற இடத்துல ஏறச் சொல்லுங்க, அங்கேயே நாற்காலி போட்டு உட்காரலாம். பதிவு பண்றப்போவே படிக்கு எத்தனை உயரம்னு கேட்டுடுங்க. பின்பக்கம் அகலமா நாலு பேர் நிக்கற குரூஸர் வகைப் படகா எடுங்க. பழைய வகையில சுக்கான்காரர் ஒருத்தர்தான் நிக்க முடியும், நாள் முழுக்கத் தனியா நிக்கணும்.

சின்னவனுக்கு: லைஃப் ஜாக்கெட் கம்பெனியே தரும், படுக்கையை விட்டு எழுந்ததும் மாட்டிவிடுங்க. பெரும்பாலான இடத்துல ஆழம் மூணு நாலு அடிதான். யாராவது விழுந்தா முதல்ல கியரை நியூட்ரல்ல போடுங்க, ரிவர்ஸ் போட்டுடாதீங்க, பின்னால சுத்தறது காத்தாடி இல்லை. காலைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டு உட்காரவே கூடாது, சுவருக்கும் இரும்புக்கும் நடுவுல மாட்டினா அவ்வளவுதான். லாக் ஓரத்துல ஓட்டம் கிடையாது.

இன்னொண்ணு, துணியைப் பின்பக்கக் கம்பியில காயப்போடாதீங்க. அம்மாவோட சுங்குடிச் சேலை காத்துல பறந்து தண்ணியில விழுந்து புரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சு. எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, பின்னால வீட் ஹேச்னு ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து வீட்டுக்காரர் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு பிரெட் கத்தியால அறுத்தார். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு துண்டா வெளியே வர வர அம்மா கரையில அடுக்கி வச்சாங்க.

வடலிக்காற்று:

அக்கா சொன்னது சரி, ரிங் வேண்டாம். ஆனா லாக்கே இல்லாமல் போனால் பிள்ளையளுக்கு மூண்டாம் நாள் அலுத்துப்போடும். எங்கட பெடியனுக்கு லாக் எண்டால் உயிர். எல்ஸ்மியரில எடுத்து அந்த ரெண்டு லாக்கையும் செய்யுங்கோ.

அதுக்கு முதல் நீங்கள் லெஸ்டரிலதானே இருக்கிறியள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபொக்ஸ்டன் லாக்ஸுக்குப் போய்ப் பாருங்கோ. பத்து லாக், ஐஞ்சு ஐஞ்சா படிக்கட்டு மாதிரி, 75 அடி ஏறும். அங்க பேடலுக்கு சிவப்பும் வெள்ளையும் பூசியிருப்பினம். சிவப்பு முதல், வெள்ளை பிறகு. மாறித் திறந்தால் தண்ணி வழிஞ்சு பாதையெல்லாம் ஓடும். தொண்டர்கள் நிண்டு உதவி செய்வினம், கேட்டால் உங்கட மகளையும் கதவு தள்ள விடுவினம். சும்மா நிண்டு ஒரு மணித்தியாலம் பார்த்தியள் எண்டாலே முக்கால்வாசி விளங்கும். அதுக்குப் பிறகும் ஆசை இருந்தால் ஒருநாள் படகு எடுத்துப் பாருங்கோ. ரெண்டாயிரம் பவுண்டு குடுத்துப்போட்டு "எனக்கு ஒத்துவராது" எண்டு சொல்ல ஏலாது.

புறப்பட முதல், கேனல்களைப் பராமரிக்கிற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் தளத்தில அந்தக் கேனல் திறந்திருக்குதோ எண்டு பார்க்க மறக்காதேங்கோ. திருத்த வேலை, தண்ணிக் குறைவு எண்டு சில வேளை மூடுவினம்.

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ரிங்கைக் கைவிட்டாச்சு. 68 மணி நேரக் கணக்கை மனைவியிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பார்வை மட்டும். எல்ஸ்மியர் பக்கம் விசாரிக்கிறோம். இந்த ஞாயிறு ஃபொக்ஸ்டன். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். நீர்ப்பாலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா, தோசை மாவு புளிக்குமா, இரண்டே கேள்விதான்.

மதகுக்காரர் மகள்:

ரைஸ் குக்கர் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். பேட்டரியிலேர்ந்து வர்ற கரண்ட்டு அதுக்குத் தாங்காது. கேஸ் அடுப்பு இருக்கும், சின்னக் குக்கர் ஒண்ணு போதும். மாவு நல்லாப் புளிக்கும். எஞ்சின் சூட்டுல தண்ணி காயற தொட்டி ஒரு அலமாரிக்குள்ள இருக்கும், அதுக்குப் பக்கத்துல வச்சா காலையில பொங்கி நிக்கும். பாத்திரத்துல பாதிதான் ஊத்தணும்னு அம்மாகிட்ட சொல்லுங்க. தண்ணி டேங்கை தினமும் நிரப்பிக்குங்க, குழாய் மெதுவாத்தான் வரும், அந்த நேரத்துல சமையலை முடிச்சுடலாம்.

படகு எடுக்கும்போது விண்ட்லாஸ் கூடுதலா ஒண்ணு கேட்டு வாங்கிக்குங்க. எங்களோடது ஒண்ணு ஆட்லம் மூணாவது லாக்குல இன்னும் கிடக்கு.