புதுப்பிப்பு: வேளச்சேரி ஜெராக்ஸ் கடைக்கு இன்சூரன்ஸ் பணம் வந்துவிட்டது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் என் ஜெராக்ஸ் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் இழுத்துக்கொண்டே போனதையும் முன்பு எழுதியிருந்தேன். பணம் வந்துவிட்டது, ஆனால் முழுதாக இல்லை. மெஷினுக்குக் கிடைத்தது, பில் காட்ட முடியாத பேப்பர் கட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. ஸ்டாக் நோட்டு ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இப்போது பில்களை அன்றன்றைக்கே போனில் படமெடுத்து மதுரையிலுள்ள அண்ணனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

தயவுசெய்து, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருமுன் கடையைக் கழுவிவிடாதீர்கள். சுவரில் சேற்றுக்கோடு தெரிய எடுத்த போட்டோதான் எனக்குக் கைகொடுத்தது. அப்புறம், நனைந்த எதையும் ஆன் செய்து பார்க்க வேண்டாம். என் லேமினேஷன் மெஷின் அப்படித்தான் எரிந்துபோனது.

பிளக் பாயின்ட்டுகளைத் தோளுயரத்துக்கு ஏற்றியாயிற்று. மெஷினுக்கு இரண்டடி சிமென்ட் மேடையும் கட்டிவிட்டேன்.