தெலுக் இந்தான் கோபுரம் எட்டு மாடியா? யார் சொன்னது?

பால்மரம்72:
நம்ம சுங்கை சிப்புட் குழுவில் நேற்று கிராணிமகன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனார்களாம், மலேசியாவில் நம்ம பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் "எட்டு மாடி சாய்ந்த கோபுரம்" பார்த்தார்களாம். எட்டாம்! தம்பி, 1885-இல் லியோங் சூன் சோங் கட்டியது அது. வெளியே எட்டு அடுக்கு தெரியும். உள்ளே மூன்றே மாடி.

கிராணிமகன்:
அண்ணே, என் மகள் விரல் விட்டு எண்ணினாள். எட்டு. படமும் போட்டிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

பால்மரம்72:
வெளியே நின்று எண்ண அது என்ன தட்டில் அடுக்கிய இட்லியா? மூன்று.

லயத்துவீட்டுக்காரி:
மாடி என்றால் கூரையை எண்ணுவதா, தளத்தை எண்ணுவதா? முதலில் அதைப் பேசிக்கொள்ளுங்களேன்.

கிராணிமகன்:
உயரமே 25 மீட்டருக்கு மேல். உங்கள் வீட்டில் ஒரு மாடி எட்டு மீட்டரா அண்ணே?

பால்மரம்72:
மேலே ஊருக்கே தண்ணீர் தேக்கிய தொட்டி இருந்தது. அந்தப் பாரமும் அடியில் இளகிய மண்ணும் சேர்ந்துதான் கோபுரம் சாய்ந்தது. இதெல்லாம் தெரியாமல் பயணக் கட்டுரை வேறு! பத்து காஜா ஊரில் கெல்லிஸ் காசல் மாளிகைக்குப் போய்விட்டுப் பேய்க்கதை மட்டும் எழுதியிருக்கிறாய். மெட்ராஸிலிருந்து வந்த நம் ஆட்கள் எழுப்பிய சுவர் அது. ஸ்பானிஷ் காய்ச்சலில் அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கோயில் கேட்டார்கள், மாளிகைக்குச் சொந்தக்காரரான கெல்லி ஸ்மித் துரை மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். கூரையில் சாமிகளோடு துரையும் தொப்பி போட்டு நிற்கிறார். அந்தத் துரை 1926-இல் லிஸ்பனில் செத்தார், காசல் அரைகுறையாக நின்றுபோனது. இதில் ஒரு வரியாவது எழுதினாயா?

கிராணிமகன்:
கோயிலுக்குப் போக நேரமில்லை. போன வருடம் உங்களோடு வந்தபோது டுரியான் கடை டுரியான் கடையாக வேனை நிறுத்தியது யார்? பெட்ரோல் காசு இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பால்மரம்72:
டோல் காசு யார் கொடுத்தது? கணக்குப் பேசுகிறவன் மாடியை ஒழுங்காக எண்ணு. மூன்று.

கோப்பிஓ:
தெலுக் இந்தான் வரை போய் சீ சோங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்) சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

பால்மரம்72:
நீ வேறு. சோறு இல்லாத பேச்சே உனக்கு வராதா?

லயத்துவீட்டுக்காரி:
ஐந்து என்று வைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

பால்மரம்72:
அக்கா, இது பாசாரில் மீன் பேரமா? உள்ளே மூன்று, மூன்று, மூன்று.

கிராணிமகன்:
எட்டு. தீபாவளி லீவுக்கும் வேன் எடுக்கிறேன். உங்களுக்கு இடமில்லை.

பால்மரம்72:
வேனில் எத்தனை சீட்? அதையும் வெளியே நின்றுதான் எண்ணினாயா?